சக்தி நுண்செயலியும் கருனிப் பெயர்ப்பும்: தொகுப்புப் பிழைகள், பூட்லோடர் திருத்தங்கள்

இயக்கு தளத்தின் மையப் பகுதியாகிய கருனியை, அது அதுவரை ஓடியிராத ஒரு நுண்செயலியிலோ பலகையிலோ ஓடச் செய்யும் பணி கருனிப் பெயர்ப்பு எனப்படும். கணினித் துறையினர் இதைப் 'போர்ட்டிங்' என்றே சொல்கின்றனர். ஒரு நூலை மொழிபெயர்ப்பது போன்றதுதான் இதுவும் என்று சிலர் விளக்குவதுண்டு. அந்த ஒப்புமை பாதிதான் பொருந்தும். கருனியின் பெரும்பகுதி சி மொழியில் இருப்பதால் அதை யாரும் திருப்பி எழுதுவதில்லை. மாற்ற வேண்டிய பகுதி மிகச் சிறியது. ஆனால் அந்தச் சிறிய பகுதி பிழையானால் திரையில் ஓர் எழுத்துகூட வராது. பிழைச் செய்தி இல்லாத பிழையைக் கண்டுபிடிப்பதே இந்தப் பணியின் கடினம்.

இந்தக் கட்டுரை, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' நுண்செயலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கருனியைத் தொகுக்கும்போதும் பூட்லோடர் வழியாக ஏற்றும்போதும் வரும் சிக்கல்களையும் அவற்றின் தீர்வுகளையும் விளக்குகிறது.

பூட்லோடர் என்பது என்ன?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகள், புதுக்கோட்டை மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளையும் எட்டின. அவற்றில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. கணினியைத் தொடங்கியதும் எந்த இயக்கு தளம் வேண்டும் என்று கேட்கும் ஒரு பட்டியல் சில நொடிகள் தோன்றும். அந்தப் பட்டியலைக் காட்டுவதுதான் பூட்லோடர். லினக்ஸ் உள்ள கணினிகளில் இது பெரும்பாலும் 'கிரப்' என்னும் நிரலாக இருக்கும்.

பழைய முறையில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் பூட்லோடரின் முதல் துண்டு இருக்கும். அதில் 446 பைட்டுகள் நிரலுக்கும், 64 பைட்டுகள் வன்தட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கும், மீதி 2 பைட்டுகள் அடையாளத்திற்கும் உரியவை. விண்டோசை மீண்டும் நிறுவினால் அது அந்த 446 பைட்டுகளைத் தன் நிரலால் மாற்றி எழுதிவிடும். பட்டியல் மறைந்துவிடும். பாஸ் லினக்ஸ் அழிந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். உண்மையில் அதன் கோப்புகள் எல்லாம் வன்தட்டிலேயே இருந்தன, அங்கே போகும் வழிதான் அடைபட்டது. பூட்லோடர் எவ்வளவு சிறியது, அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய நிரலும் எப்படிப் பயனற்றுப் போகும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

சக்தி நுண்செயலி

சென்னை ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் துறையில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு 2014 அளவில் சக்தித் திட்டத்தைத் தொடங்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்த ரிஸ்க்-வி என்னும் திறந்த ஆணைத்தொகுதியை இக்குழு அடிப்படையாகக் கொண்டது. இந்த ஆணைத்தொகுதியைப் பயன்படுத்த யாருக்கும் உரிமத்தொகை செலுத்த வேண்டியதில்லை. சக்தியின் வடிவமைப்பும் பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியானது. எனவே நுண்செயலியின் உள்ளமைப்பையே ஒரு மாணவர் இறக்கிப் படிக்கலாம்.

சக்தியில் பல வகுப்புகள் உண்டு. இ-வகுப்பு சிறு கருவிகளுக்கானது. லினக்ஸ் போன்ற முழு இயக்கு தளத்தை ஓட்டத் தேவையான நினைவக மேலாண்மை வசதி கொண்டது 64 பிட் சி-வகுப்பு. இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் வார்க்கப்பட்ட 'ரைஸ்க்ரீக்' சில்லு 2018 ஜூலையில் லினக்சை ஏற்றி ஓட்டியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் சண்டிகர் குறைகடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் 'ரிமோ' சில்லு வந்தது. இஸ்ரோவுக்காகச் சக்தியின் அடிப்படையில் உருவான 'ஐரிஸ்' சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய செய்திகளில் 'வெற்றிகரமாக பூட் ஆனது' என்ற தொடரைக் காணலாம். சில்லு செய்பவர்களுக்கு அது வெறும் சம்பிரதாயச் சொல் அன்று. கணக்குப் பிரிவு, நினைவகம், குறுக்கீடுகள், கடிகாரம், முகவரி மாற்றம் ஆகிய அனைத்தும் ஒருசேர ஒழுங்காக வேலை செய்தாலொழிய லினக்ஸ் எழாது.

சில்லு கையில் இல்லாதவர்கள் எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் சக்தியை ஏற்றிப் பார்க்கலாம். ஆர்ட்டி ஏ7-100டி பலகைக்கான சி-வகுப்பு அமைப்புக்கு 'வஜ்ரா' என்று பெயர். பலகையின் நினைவகம் 256 மெகாபைட்டு.

தொகுக்கும்போது வரும் பிழைகள்

புதிய நுண்செயலியிலேயே அமர்ந்து கருனியைத் தொகுக்க முடியாது, ஏனெனில் அங்கே இன்னும் இயக்கு தளமே இல்லை. எனவே சாதாரணக் கணினியில் இருந்துகொண்டு ரிஸ்க்-வி ஆணைகளை உருவாக்கும் 'குறுக்குக் கம்பைலர்' ஒன்றைப் பயன்படுத்துவர். பிழைகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

முதலாவது, ஆணைத்தொகுதிப் பொருத்தம். ரிஸ்க்-வியில் அடிப்படை ஆணைகள் ஒருபுறம் இருக்க, பெருக்கல், தசம எண் கணக்கு, சுருக்க ஆணைகள் என நீட்டிப்புகள் பல உண்டு. சக்தியைக் கட்டமைக்கும்போது எவை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். நுண்செயலியில் சுருக்க ஆணைகளை விட்டுவிட்டு, கம்பைலரிடம் அதைச் சொல்லாமல் விட்டால் தொகுப்பு பிழையின்றி முடிந்துவிடும். ஓட்டும்போதுதான் முதல் சுருக்க ஆணையிலேயே நுண்செயலி தடுமாறி நிற்கும். தசம எண் விஷயம் இதைவிட நல்லது. ஒரு கோப்பைத் தசமப் பிரிவு உண்டு என்றும் மற்றொன்றை இல்லை என்றும் தொகுத்தால், இரண்டையும் இணைக்க மாட்டேன் என்று லிங்கர் வெளிப்படையாகவே மறுத்துவிடும்.

இரண்டாவது, முகவரி எல்லை. இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். சக்தி உட்பட ரிஸ்க்-வி பலகைகள் பலவற்றில் முதன்மை நினைவகம், பதினாறு நிலை எண்முறையில் 80000000 என்னும் முகவரியில் தொடங்குகிறது. அது சரியாக 2 கிகாபைட்டு எல்லை. ஒரு மாறியின் முகவரியை உருவாக்கக் கம்பைலருக்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. 'மெட்-லோ' என்ற வழியில் முகவரி சுழியத்திலிருந்து கணக்கிடப்படும். அதற்கான ஆணை 32 பிட் எண்ணைக் குறியோடு நீட்டுவதால், 64 பிட் நுண்செயலியில் முதல் 2 கிகாபைட்டையும் கடைசி 2 கிகாபைட்டையும் மட்டுமே எட்ட முடியும். நினைவகம் அந்த எல்லைக்கோட்டின் மறுபுறம் தொடங்குவதால் ஒரு பைட்டைக்கூட இந்த வழியில் தொட முடியாது. இடமாற்ற எண் வெட்டுப்பட்டுவிட்டது என்று லிங்கர் வரிசையாகப் பிழைகளைக் கொட்டும். 'மெட்-எனி' என்ற மற்ற வழியில், ஓடிக்கொண்டிருக்கும் ஆணையின் இடத்திலிருந்து முன்னும் பின்னும் 2 கிகாபைட்டு என்று கணக்கிடப்படும். கம்பைலருக்குத் தரும் ஒரே ஒரு விருப்பச் சொல்லை மாற்றினால் நூற்றுக்கணக்கான பிழைகளும் ஒருங்கே மறையும். பிழைகளின் எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

மூன்றாவது, காலத்தால் வரும் பிழைகள். மூலநிரலில் யாரும் கைவைக்காமலே, நேற்று தொகுக்க முடிந்த கருனி இன்று தொகுக்க முடியாமல் போவதுண்டு. 2020 மே மாதம் வெளியான ஜி.சி.சி. 10ஆம் பதிப்பு, ஒரே பொது மாறியை இரண்டு கோப்புகளில் அறிவிப்பதை இயல்பாகவே ஏற்க மறுத்தது. அதுவரை லிங்கர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தது. இதனால் பழைய லினக்ஸ் கருனிகளிலும் யு-பூட்டிலும் உள்ள டிவைஸ் ட்ரீ கம்பைலர் தொகுக்க முடியாமல் போனது. ஒரு மாறியின் முன் 'எக்ஸ்டெர்ன்' என்ற சொல்லைச் சேர்ப்பதே தீர்வாக இருந்தது. பிறகு 2022 பிப்ரவரியில் பின்யுட்டில்ஸ் 2.38 வந்தபோது, கட்டுப்பாட்டுப் பதிவகங்களைப் படிக்கும் ஆணைகள் அடிப்படைத் தொகுதியிலிருந்து பிரிந்து 'ஜி-சி.எஸ்.ஆர்.' என்ற தனி நீட்டிப்பாகக் கருதப்பட்டன. பழைய கருனிகளைத் தொகுக்க முயன்றவர்களிடம் 'இந்த ஆணையை அறியேன்' என்று அசெம்ப்ளர் சொல்லத் தொடங்கியது. கருனியின் மேக்ஃபைலில் அந்த நீட்டிப்பின் பெயரையும் சேர்த்துச் சரிசெய்தனர். வேலை செய்யும் பதிப்பு கிடைத்ததும் கம்பைலர், லிங்கர் ஆகியவற்றின் பதிப்பு எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளாதவர்கள் சில மாதங்களில் தாங்கள் செய்ததைத் தாங்களே திரும்பச் செய்ய இயலாமல் போவார்கள்.

பூட்லோடரிலிருந்து கருனிக்கு

ரிஸ்க்-வியில் மூன்று அதிகார நிலைகள் உள்ளன. மின்சாரம் வந்ததும் நுண்செயலி உச்ச அதிகாரம் கொண்ட எம்-நிலையில் விழிக்கிறது. கருனி அதற்கு அடுத்த எஸ்-நிலையிலும், பயனர் நிரல்கள் யு-நிலையிலும் ஓடுகின்றன. எம்-நிலையில் தங்கி, கருனி கேட்கும் சில பணிகளைச் செய்து தரும் இடைநிரலுக்கு எஸ்.பி.ஐ. என்று பெயர். தொடக்கத்தில் பெர்க்லி பூட்லோடர் இப்பணியைச் செய்தது. 2019 முதல் ஓப்பன்-எஸ்.பி.ஐ. அந்த இடத்தைப் பிடித்தது. சக்தியின் தொடர்முனைக்கென அதில் ஒரு தனி நிரல் கோப்பே உள்ளது. பரவலாகப் பயன்படும் 16550 வகைத் தொடர்முனையிலிருந்து சக்தியின் பதிவகங்கள் வேறுபடுவதால் அது தேவைப்பட்டது.

கருனிக்குள் நுழையும் நொடியில் சில நிபந்தனைகள் நிறைவேறியிருக்க வேண்டும். ஏ0 என்ற பதிவகத்தில் நுண்செயலிக் கருவின் எண்ணும், ஏ1 பதிவகத்தில் டிவைஸ் ட்ரீயின் முகவரியும் இருக்க வேண்டும். முகவரி மாற்றம் அணைந்திருக்க வேண்டும். 64 பிட் கருனி 2 மெகாபைட்டு எல்லையில் அமைய வேண்டும். 80000000 என்ற முகவரியில் எஸ்.பி.ஐ. குடியிருப்பதால், கருனி வழக்கமாக 80200000-இல் அமர்கிறது.

டிவைஸ் ட்ரீ என்பது பலகையில் என்னென்ன உள்ளன, எந்த முகவரியில் உள்ளன என்று கருனிக்குச் சொல்லும் பட்டியல். இதில் ஒரு எண் தவறினாலும் விளைவு விசித்திரமாக இருக்கும். தொடர்முனையின் கடிகார வேகம் தவறானால் திரையில் எழுத்துகளுக்குப் பதில் குப்பைக் குறிகள் வரும். அப்படி வந்தால் மகிழலாம், கருனி உயிரோடு இருக்கிறது என்று பொருள். நேரக் கடிகாரத்தின் வேகம் தவறானால் 10 நொடி காத்திருக்கச் சொன்ன நிரல் பல நிமிடங்கள் உறங்கும். எந்தத் தொடர்முனையில் பேசுவது என்ற குறிப்பு தவறானால் கருனி முழுமையாக எழுந்த பின்னும் மௌனமாகவே இருக்கும்.

டிவைஸ் ட்ரீயை வைக்கும் இடத்திலும் ஒரு பொறி உண்டு. பூட்லோடர் அதைக் கருனிக்குப் பின்னால் ஏதோ ஒரு நிலையான முகவரியில் வைக்கும். கருனிக் கோப்பின் அளவைப் பார்த்தால் போதிய இடைவெளி இருப்பதுபோல் தெரியும். ஆனால் தொடக்க மதிப்பில்லாத மாறிகளுக்கான 'பி.எஸ்.எஸ்.' பகுதி கோப்பில் இடம்பெறாது. கருனி எழுந்தவுடன் அந்தப் பகுதிக்குரிய நினைவகம் முழுவதையும் சுழியமாக்கும். டிவைஸ் ட்ரீ அந்த எல்லைக்குள் இருந்தால், கருனி தனக்கு வந்த கடிதத்தைப் படிக்கும் முன்பே அழித்துவிடும். கருனியின் முகப்பில் உள்ள அளவு எண்ணில் பி.எஸ்.எஸ். பகுதியும் சேர்ந்திருக்கிறது. கோப்பு அளவை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பார்த்து இடம் ஒதுக்குவதே சரியான திருத்தம்.

வெற்றுத்திரையில் தடம் பிடித்தல்

எதுவுமே வராதபோது முதலில் செய்யத்தக்கது, கருனியின் தொடக்க அசெம்ப்ளி நிரலில் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எழுத்தைத் தொடர்முனைப் பதிவகத்தில் நேரடியாக எழுதுவது. சக்தியில் முதல் தொடர்முனை பதினாறு நிலை எண்முறையில் 11300 என்ற முகவரியில் உள்ளது. 'அ' வந்து 'ஆ' வரவில்லையென்றால் பிழை இரண்டுக்கும் நடுவில். பழைய முறைதான், ஆனாலும் இதற்கு ஈடில்லை. எஸ்.பி.ஐ. நலமாக இருந்தால், கருனிக்குத் தரும் தொடக்க வரியில் 'எர்லிகான்' என்ற சொல்லைச் சேர்த்தும் முன்கூட்டியே செய்திகளைப் பெறலாம்.

இரண்டாவது வழி, ஜே-டேக் இணைப்பு வழியாக ஜி.டி.பி. கொண்டு நுண்செயலியை நிறுத்திப் பதிவகங்களைப் படிப்பது. சக்திப் பலகைகளில் நிரலை நினைவகத்தில் ஏற்றுவதும் இதே இணைப்பின் வழியாகத்தான் என்பதால் கூடுதல் கருவி தேவையில்லை. எம்-காஸ் பதிவகம் காரணத்தைச் சொல்லும், எம்-இ.பி.சி. இடத்தைச் சொல்லும். காரணம் 2 என்றால் அறியாத ஆணை, அதாவது மேலே சொன்ன ஆணைத்தொகுதிப் பொருத்தமின்மை. 5 அல்லது 7 என்றால் இல்லாத முகவரியைப் படிக்கவோ எழுதவோ முயன்றது, பெரும்பாலும் டிவைஸ் ட்ரீ தவறு. 12, 13, 15 ஆகியவை பக்க அட்டவணைப் பிழைகள். எஸ்-நிலையிலேயே கையாளப்படும் பிழைகளுக்கு இதே செய்தி எஸ்-காஸ், எஸ்-இ.பி.சி. பதிவகங்களில் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லினக்ஸ் முகவரி மாற்றத்தை இயக்கும் நொடியில் 12ஆம் எண் பிழை ஒன்று வேண்டுமென்றே வரவழைக்கப்படுகிறது. மெய்நிகர் முகவரிக்குத் தாவும் தந்திரம் அது. பிழை கையாளும் இடமாக அடுத்த ஆணையின் மெய்நிகர் முகவரியை முன்கூட்டியே குறித்துவிட்டு, பக்க அட்டவணையை இயக்குவார்கள். பழைய முகவரி செல்லாததாகிப் பிழை எழும், நுண்செயலி தானாகவே புதிய முகவரிக்குப் போய்ச் சேரும். இதை அறியாமல் அந்தப் பிழையைத் திருத்த முனைந்தால் நாட்கள் வீணாகும்.

பலகை இல்லாத மாணவர்களுக்கு

எஃப்.பி.ஜி.ஏ. பலகை எல்லாப் பள்ளி, கல்லூரிகளிலும் கிடைப்பதில்லை. ஆனால் க்யூஎமு என்னும் பாவிப்பி நிரலில் ரிஸ்க்-வி கணினி ஒன்றைச் சாதாரண மடிக்கணினிக்குள்ளேயே உருவாக்கலாம். பாஸ், டெபியன், உபுண்டு ஆகியவற்றின் மென்பொருள் களஞ்சியங்களில் அது உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கற்பித்தலுக்கென உருவாக்கிய எக்ஸ்வி6 என்னும் சிறு இயக்கு தளம் இதற்கு ஏற்றது. சில ஆயிரம் வரிகளே கொண்டது, பழைய மடிக்கணினியிலும் ஒரு நிமிடத்திற்குள் தொகுக்கலாம்.

பாவிப்பியில் ஓடுவது பலகையிலும் ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. எக்ஸ்வி6 க்யூஎமுவில் உள்ள மெய்நிகர் வட்டை எதிர்பார்க்கிறது, பலகையில் அது இல்லை. எனவே கோப்பு முறைமையை நினைவகத்திலேயே வைக்கும்படி மாற்ற வேண்டும். தொடர்முனை நிரலையும் மாற்ற வேண்டும். நினைவகம் 128 மெகாபைட்டு என்று நிரலில் எழுதப்பட்டிருக்கிறது, வஜ்ராவில் அதற்கு இருமடங்கு உண்டு என்பதால் அப்படியே விட்டாலும் ஓடும்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒன்றும் உண்டு. பக்க அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் 'அணுகப்பட்டது', 'எழுதப்பட்டது' என்று இரு பிட்கள் இருக்கின்றன. க்யூஎமு அவற்றைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அவற்றை மென்பொருளே நிரப்ப வேண்டும், இல்லையேல் பிழை எழுப்புவேன் என்று ஒரு நுண்செயலி நடந்துகொண்டால் அதுவும் ரிஸ்க்-வி விதிப்படி சரியே. அத்தகைய சில்லில் எக்ஸ்வி6 முகவரி மாற்றத்தை இயக்கிய மறுநொடியே உறைந்துவிடும். பக்கங்களைப் பதியும் செயற்கூறில் அந்த இரு பிட்களையும் முன்னதாகவே 1 என்று வைத்துவிட்டால் போதும்.

பாவிப்பியே விதியைக் கடுமையாக்கியதும் உண்டு. நினைவகக் காப்பு வசதி உள்ள நுண்செயலியில், எம்-நிலை நிரல் அனுமதி எதையும் குறிக்காவிட்டால் எஸ்-நிலைக்கு நினைவகத்தில் எந்த இடத்தையும் தொட உரிமை இல்லை என்பது ரிஸ்க்-வி விதி. பழைய க்யூஎமு இதைக் கண்டுகொள்ளவில்லை. 2021-இல் வந்த 6.0 பதிப்பு விதியை நடைமுறைப்படுத்தியதும், அதுவரை ஒழுங்காக ஓடிய எக்ஸ்வி6 எஸ்-நிலைக்கு இறங்கிய அதே ஆணையில் நின்றுபோனது. தொடக்க நிரலில் இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டன. ஒன்று காப்பு முகவரிப் பதிவகத்தில் மிகப் பெரிய எண்ணை எழுதுகிறது, மற்றொன்று அந்த எல்லை முழுவதற்கும் படிக்க, எழுத, இயக்க அனுமதி தருகிறது.

திருத்தத்தை எங்கே வைப்பது?

பெயர்ப்பில் செய்த மாற்றங்களை அவரவர் கணினியிலேயே வைத்துக்கொண்டால் அவை விரைவில் கெட்டுப்போகும். லினக்சின் புதிய பதிப்பு ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. கருனியின் உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. 2018 ஜனவரியில் வெளியான 4.15 பதிப்பில்தான் ரிஸ்க்-வி ஆதரவு முதன்மைக் கருனிக்குள் நுழைந்தது. அந்தக் காலத்துத் திருத்தங்களை இன்றைய கருனியில் ஒட்ட முயன்றால் பெரும்பாலானவை ஒட்டாது.

முதன்மைக் கருனிக்குள் ஏற்கப்பட்ட திருத்தத்தின் நிலை வேறு. இடைமுகத்தை மாற்றுபவரே அதைப் பயன்படுத்தும் எல்லா இடங்களையும் திருத்த வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அதற்கு அனுப்பும் முறை எளிது. ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றம் மட்டுமே இருக்க வேண்டும், காரணத்தை விளக்க வேண்டும், கீழே தன் பெயரோடு ஒப்பமிட வேண்டும். எழுத்துநடையைச் சரிபார்க்கவும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அறியவும் கருனியின் மூலநிரலிலேயே இரு சிறு நிரல்கள் உள்ளன. புதிய பலகையானால் அதன் டிவைஸ் ட்ரீச் சொற்களுக்கான விளக்க ஆவணத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த ஆவணம் இல்லாத புதிய சொற்களைப் பராமரிப்பாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவர்.